வெறும் ஒயரில் நாலு ஓம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கே நடந்தது. வண்டிகளுக்கு ஆடியோ மாட்டுவது என் பிழைப்பு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல ஃபியூஸைப் பாருய்யா" என்று சொல்லி அனுப்புகிற ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கே அன்று பட்டப்பகலில் ஃபியூஸைப் பார்க்கத் தோன்றவில்லை.

தம்பி ஒரு பழைய பைக் வாங்கி வந்திருந்தான். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஏற்கெனவே மாட்டியிருந்தன. "கொஞ்ச நேரத்துலயே ஆம்ப் கொதிக்குதுண்ணே. சாயங்காலம் நான் கிளம்பணும், பாத்துக் குடு" என்று சாவியைத் தந்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

ஸ்பீக்கர் லைனின் மின்தடை நாலு ஓமுக்குக் குறைந்தால் அந்த ஆம்ப் தாங்காது, புகைந்துவிடும். ஓடுகிற வண்டியில், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் புகைந்தால்? மீட்டரை வைத்தேன். இடது ஸ்பீக்கர், நாலு. வலது... இரண்டு.

ஒரே லைனில் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்துக் கொடுத்தால்தான் இப்படிப் பாதியாகும். வலப்பக்கம் இருந்ததோ ஒன்றுதான். அதையும் கழற்றினேன். இனி மீட்டர் எதுவும் காட்டக் கூடாது.

நாலு காட்டியது.

ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்கு அடியில் ஒரு கிளை ஒயர் பிரிந்தது. அதன் நுனி அறுந்து, அந்தரத்தில் தொங்கியது.

கண்ணுக்குத் தெரியாத ஸ்பீக்கர் ஒன்று அந்த லைனில் இருப்பதாக மீட்டர் சொன்னது; ஸ்பீக்கரை மைக்காகவும் பயன்படுத்தலாம். குறுகுறுப்பு யாரை விட்டது? அந்த லைனை ஆம்பின் இன்புட்டில் கொடுத்து, இடது ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினேன்.

உஸ்ஸ்... உஸ்ஸ்...

மூச்சு. மூடிய பெட்டிக்குள் விடுகிற மூச்சு.

பிறகு ஒரு குரல்.

"பாட்டு... ஏன் நின்னுச்சு?"

கிளை ஒயரை வெட்டித் தெருவில் எறிந்தேன். வலது ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், இப்போது மீட்டர் ஒழுங்காக நாலு காட்டியது. சாப்பிட்டு வந்த தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். "சூடு ஆம்புக்கு இல்லண்ணே, உனக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

மனசு கேட்கவில்லை. வண்டியை விற்ற புரோக்கருக்குப் போன் போட்டேன்.

"முன்னாடி வெச்சிருந்தவரு, வண்டியிலேர்ந்து ஒயர் இழுத்து ஹெல்மெட்டுக்குள்ள ஒரு ஸ்பீக்கர் மாட்டியிருந்தாரு" என்றான். "ஆக்சிடென்ட்ல ஒயர் அறுந்துபோச்சு. ஹெல்மெட்டை யாராலயும் கழட்ட முடியல. அதோடயேதான் புதைச்சாங்க."

உடனே தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஓரமா நிறுத்தியிருக்கேண்ணே. ஹெல்மெட்டுக்குள்ள எப்போ ஸ்பீக்கர் வெச்ச?"

நான் வைக்கவே இல்லை.

"கழட்டிப் பாக்கலாம்னா... வரமாட்டேங்குதுண்ணே."