பன்னிரண்டு நிமிடம், ஏழே முக்கால் சுற்று

அந்த ஆண்டு முதல் ஓட்டத்தில் தோங் பாவ்லினைத் தோற்கடித்தது நான்தான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவனுக்கு முப்பத்து மூன்று வயது, முழங்கால் போய்விட்டது, அவ்வளவுதான் என்று அவரவர் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவன் எங்கள் ஷென்யாங் நகரக் கால்பந்து அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். பதினொரு வயதில் விளையாட்டுப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து பந்தைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. இருநூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியும் ஒரே ஒரு கோல்தான், அதுவும் முதுகில் பட்டு உள்ளே போனது. நான் அணிக்கு மசாஜ் செய்கிற சூய். அவன் கால்களை அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜனவரி வந்தாலே எங்களுக்குப் பயம்தான். லீக் அணிகள் எல்லாம் உயரமான மேட்டுநிலத்தில் இருக்கும் குன்மிங் நகருக்குப் போய் ஓட்டத் தேர்வில் தேற வேண்டும். நானூறு மீட்டர் தடத்தில் பன்னிரண்டு நிமிடத்தில் ஏழே முக்கால் சுற்று. முடியாதவனுக்கு அந்த ஆண்டு ஆட்டமே கிடையாது, பந்தை எவ்வளவு அழகாக உதைத்தாலும் சரி. அந்த உயரத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான்களை ஒருநாள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஓடுகிறவனுக்குச் சுற்றை எண்ணிச் சொல்ல ஓர் ஆள் ஓரத்தில் நிற்பான். பாவ்லினுக்கு நான் நின்றேன். நாலாவது சுற்றில் வேறு அணிப் பையன் ஒருவன், "தாத்தா, வண்டி கூப்பிடட்டுமா?" என்று கத்தினான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயை மூடுடா, மீசை முளைக்காதவனே!" என்று அவனோடு மல்லுக்கு நின்றேன். திரும்பினால் பாவ்லின் என்னைக் கடந்துகொண்டிருந்தான்.

"அஞ்சு முடிஞ்சுது!" என்றேன்.

முடிந்திருந்தது நாலு. நேரம் கையில் இருக்கிறது என்று நம்பி அவன் வேகத்தைக் குறைத்தான். அடுத்த சுற்றில் நடுவரின் சுற்றுக் கணக்குப் பலகையைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. "இல்லடா, ஒண்ணு கம்மி! ஓடு, ஓடு!" என்று அலறினேன். ஓடினான். விசில் ஊதியபோது நாற்பது மீட்டர் பாக்கி.

"நடுவுல ஏன்டா தூங்கிட்ட?" என்று பயிற்சியாளர் எகிறினார்.

"மூச்சு போயிடுச்சு சார்," என்றான். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

நாலு நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கெண்டைக்காலைப் பிடித்துவிடும்போது அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வேற யாரையாவது எண்ணச் சொல்லுடா, தம்பி."

"நீங்கதான் நிக்கணும், அண்ணே. தப்பு பண்ணி முடிச்சவர் நீங்க ஒருத்தர்தான். மத்தவன் எல்லாம் இனிமேதான் பண்ணணும்."

சிரித்தான். ஆனால் அவன் கால் கல்லாக இறுகியிருந்தது.

அன்று ஏழு சூரியகாந்தி விதைகளை அவனிடம் காட்டிவிட்டு வலது கையில் வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு விதை இடது பைக்குள். அதே பையன் வந்து நின்று, "தாத்தா, தடி வேணுமா?" என்றான். நான் திரும்பவில்லை. நாக்கைக் கடித்ததில் உப்புக் கரித்தது. நாலாவது விதையைப் பைக்குள் போட்ட பிறகும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் "நாலு!" என்றேன். ஆறாவதில் அவன் முகம் வெளிறிவிட்டது. ஏழாவதற்கு அப்புறம் சொல்ல எண் இல்லை. "அப்பா, அப்பா" என்று எதையோ கத்தினேன். விசில் ஊதியபோது அவன் முடிவுக் கோட்டைத் தாண்டி இரண்டே எட்டு போயிருந்தான்.

நடுவர் தேர்ச்சி என்று சத்தமாகவே சொன்னார். பாவ்லின் குப்புறக் கிடந்தான். நான் பக்கத்தில் ஓடிப் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை, அண்ணே?"

"ஏழே முக்கால்டா. நடுவரே சொல்லிட்டாரு."

"விதையைக் காட்டுங்க."

பையைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். பிறகு ஏழையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"தின்னுடாதீங்க. அடுத்த ஜனவரிக்கு வேணும்."