அப்பா அழுத்திய பச்சைப் பொத்தான்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழே கால் மணி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அப்பா பட்டு நூலுக்கு அரக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். விடுமுறையில் வந்திருந்த அக்கா கூடத்தில் மடிக்கணினியும் கையுமாக இருந்தாள்.

நடுக்கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளில், ஆழத்தில் இறக்கப்படும் மின்பம்புகளை நெடுநாள் உழைக்கச் செய்வது அக்காவின் வேலை. ஒரு கிணற்றில் மட்டும் எந்தப் பம்பை இறக்கினாலும் அதன் அச்சு முறிந்தது. அடுத்ததும் முறிந்தால் கிணற்றையே மூடிவிடுவார்கள். அச்சின் எஃகில்தான் குறை என்று அவள் நம்பியிருந்தாள்.

அப்போது மின்சாரம் போய், உடனே திரும்பியது. அப்பா சாயக்கையோடு ஓடிவந்து, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

அக்கா பதறி எழுந்தாள். "கொஞ்சம் நில்லுங்கப்பா. குழாய்ல ஏறின தண்ணி கீழ இறங்கறப்போ பம்பு எதிர்ப்பக்கமா சுத்தும். அப்போ போட்டா அச்சு முறியும். அது நிக்கறவரைக்கும் மோட்டார ஓடவிடாம தடுக்கத்தானே டைமர் இருக்குது?"

"அத எப்பவோ கழட்டிட்டேன்மா. சாயத்துலேர்ந்து எடுத்த பட்டு நூல உடனே அலசலேன்னா திட்டுத்திட்டா பூடும். புடவை கேட்ட கல்யாண வீட்டுக்கு உன் டைமரா வந்து பதில் சொல்லும்?"

அவர்கள் வாதத்தில் நான் நுழைவதில்லை. அன்று ஏனோ கேட்டுவிட்டேன்: "கடல்லயும் யாராவது அப்பா மாதிரி இருப்பாங்களாக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. சற்று நேரம் அப்பாவின் சிவந்த விரல்களையே பார்த்தாள். பிறகு அந்தக் கிணற்றுப் பம்பை இயக்குபவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கல. பம்பு நின்னா, டைமர் முடியறவரைக்கும் காத்திருக்கீங்களா?"

மறுமுனையிலிருந்து ஒரு களைத்த குரல் எனக்கும் கேட்டது. "அச்சு முறிஞ்சா பம்பு செஞ்சவனக் கேப்பாங்க. கிணறு நின்னா என்னைத்தாம்மா கேப்பாங்க."

டைமரைத் தாண்டி இயக்க அவரும் ஒரு வழி வைத்திருந்தார்.

அன்று மாலைக்குள் அக்கா தன் மேலதிகாரிகளிடம் ஒன்றை மட்டும் வேண்டினாள்: பம்பு காத்திருக்கும் நேரத்துக்கு இனி அந்த மனிதரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. அவர்கள் தயங்கித்தான் இசைந்தார்கள். அதன்பின் இறக்கிய பம்பு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"கடலுக்கு வைத்தியம் ஆச்சு. வீட்டுக்கு?" என்று அப்பா அன்றிரவு சாப்பிடும்போது சீண்டினார்.

மறுநாள் காலை, அவர் சாய அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, மோட்டார் காத்திருக்கும் நேரத்திலும் அவர் பட்டு நூலை அலச, பின்கட்டிலிருந்த இரண்டு பீப்பாய்களையும் நான் விளிம்புவரை நிரப்பி வைத்தேன். ஒருவரைப் பொறுத்திருக்கச் சொல்வதற்கு முன், பொறுத்திருக்க அவரிடம் தண்ணீர் உண்டா என்று பார்க்க வேண்டும் என்பதை, அந்தப் பீப்பாய்கள் இன்றும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.