ராயபுரத்துக்கு இரண்டு ‘இ’ போட்ட கௌசர் அக்கா

கௌசர் அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்... தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கல்மண்டபம் பக்கம் இருக்கிற நண்பர்கள் வந்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். அவர் பில் டைப் அடிப்பார், நான் சரிபார்ப்பேன். அப்படியே பல வருடம் ஓடிவிட்டது.

அழுகைதான் வரவேண்டும். ஆனால் அக்காவை நினைத்தால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது... என்ன செய்ய.

வடசென்னையைப் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு விக்கி நடத்துகிறோம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஒருநாள் லஞ்ச் டைமில் அக்காவிடம் அவருடைய தெருவின் பக்கத்தைக் காட்டினேன். ‘நெரிசல் மிகுந்த பகுதி.’ அந்த ஒரு வரிதான் இருந்தது.

“இன்னாமே ரீட்டா இது? நெரிசல் மட்டுந்தான் கீதா? ஜனங்க யாரும் இல்லியா?”

அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டார். பேண்டு செட்டுக்காரர்கள் ஒத்திகை பார்க்கும் மாடி, நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடம், லாரி வந்தால் எந்த முனையில் மாட்டிக்கொள்ளும் என்பது வரைக்கும்...

அப்புறம் பாட் மேல் ஆசை வந்தது. பாட் என்றால், ஒரே திருத்தத்தை நூற்றுக்கணக்கான பக்கங்களில் தானாகச் செய்கிற புரோகிராம். அக்கா அதைப் ‘பாட்டு’ என்றுதான் சொல்வார். “என் பாட்டு ஓடிகினு கீது”ன்னு அவர் சொல்ல, மேனேஜர் வந்து “ஆபீஸ்ல பாட்டெல்லாம் போடாதீங்க”ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பாட்தான் பெரிய வம்பை இழுத்தது.

‘ராயபுரம்’ என்று இருக்கும் இடத்திலெல்லாம் ‘இராயபுரம்’ என்று மாற்றச் சொல்லி வீட்டு லேப்டாப்பில் ஓடவிட்டார். ஏற்கெனவே ‘இராயபுரம்’ என்று இருந்த இடங்களை யோசிக்கவில்லை. அதற்குள்ளும் ‘ராயபுரம்’ இருக்கிறதே... அங்கெல்லாம் ‘இஇராயபுரம்’ ஆகிவிட்டது.

விக்கி குரூப்பில் ஒரே கூச்சல். நிர்வாகி கார்த்திக் பாட்டை நிறுத்தி, அதன் பழைய பாஸ்வேர்டையும் ரத்து செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நேரில் கூடுவதாக இருந்தது. அதற்குள் அக்காவே எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் பாட் ஓட்டும் உரிமை போய்விடும் என்று சொல்லிப் புது பாஸ்வேர்டு எடுக்க அனுமதி கொடுத்தார்.

அக்கா அன்று சாப்பிடவே இல்லை. “நான் எழுதினத பூரா எடுத்துடுவாங்களாமே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்தோம். பாட்டின் செட்டிங்கில் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் புதிதாக டைப் அடித்தார். லாகின் ஆகவில்லை. ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.’

பார்த்தால், அக்கா தினமும் விக்கிக்குள் நுழைகிற பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். பாட்டுக்குத் தனி பாஸ்வேர்டு. அதை எடுத்துப் போட்டோம். மறுபடியும் அதே வரி.

காப்பி பண்ணும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதையும் எடுத்தோம். அதே வரி.

இன்னும் சில தடவை முயன்றதும், ‘அதிக முறை முயன்றுவிட்டீர்கள், சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டது.

“பேஜாரா போச்சே... வா, துன்னுட்டு வரலாம்.”

கீழே தள்ளுவண்டியில் பர்மா நூடுல்ஸ், அதான் அத்தோ, வாங்கிச் சாப்பிட்டோம். அக்கா இரண்டு பிளேட். பசி வந்ததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

மேலே வந்ததும், “பாஸ்வேர்ட உட்ரு. பேர அழிச்சிட்டு முதல்லேர்ந்து அடிக்கிறேன்” என்றார். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

“இங்க பாருமே. ‘ள’ மட்டும் தனியா போச்சு. ‘கெ’ அப்படியே நிக்குது.”

எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ‘கௌ’ என்பது ஒரே எழுத்து. ஆபீஸ் கீபோர்டில் பழைய பழக்கத்தில் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ போட்டிருக்கிறார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அது வேறு யாரோ.

“எம்பேரயே எனக்கு அடிக்கத் தெரியலியேமே...”

சொல்லிவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு. நாற்காலி ஆடியது. நானும் சேர்ந்துகொண்டேன். வாட்ச்மேன் மேலே வந்து, “இன்னா ஆச்சு, ரெண்டு பேரும் அழுவுறீங்களா?” என்று கேட்டார்.

பெயரைச் சரியாக அடித்தார். லாகின் ஆனது. இந்தத் தடவை முதலில் ஒரே ஒரு பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மீதியை ஓடவிட்டார். கூடுதல் ‘இ’க்கள் ஒவ்வொன்றாகப் போவதை, மேட்ச் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். அக்கா எழுந்து, “நான்தாங்க ராயபுரத்துக்கு ரெண்டு ‘இ’ போட்டவ” என்றார். ஹாலே சிரித்தது. முதலில் கை தட்டியது கார்த்திக்.

அதற்குப் பிறகு யாருக்கு பாட் லாகின் ஆகாவிட்டாலும் குரூப்பில் அக்கா ஆஜர். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பேர்ல ‘ள’ கீதா பாரு.” கௌரி, மௌலானா, சௌந்தர்... எத்தனை பேர் தப்பித்தார்கள்.

போன வாரம்கூட எண்ணூர் பக்கங்களில் ஏதோ சேர்த்துக்கொண்டிருந்தார். இன்று காலையிலிருந்து குரூப்பில் ஆளாளுக்கு அக்கா கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். கார்த்திக் திருவொற்றியூரிலிருந்து கிளம்பிவிட்டார்.

சரிக்கா... நானும் உங்க வூட்டுக்குத்தான் வந்துகினு கீறேன்.