பித்தளைக் கற்களில் புளி

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நான் ஏழு மாதம் தங்கிய வீட்டு வாசலில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே நான்கு பித்தளைத் தகடுகள் பதித்திருந்தார்கள். உள்ளங்கை அளவுதான். நாசிகள் அந்த வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய்க் கொன்ற யூதக் குடும்பத்தின் நினைவுக் கற்கள். ஒவ்வொன்றும் 'இங்கே வசித்தார்' என்று தொடங்கும். பிறகு பெயர், பிறந்த ஆண்டு, கொல்லப்பட்ட ஆண்டு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கழித்தல் வரும். கடைசிக் கல்லுக்குரிய பிள்ளைக்கு ஆறு வயது.

ஜெர்மனிக்கு வந்த பதினொரு வருடத்தில் அது என் ஒன்பதாவது முகவரி. உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை எந்த ஊரில் கிடைத்ததோ அங்கே போனேன். வேலை இருந்தாலும், நாள் கூடினால் இருப்புக் கொள்ளாது. அந்த நவம்பர் காலையிலும் பை கட்டியாகிவிட்டது. கார்ல்ஸ்ரூஹே நகருக்குப் போக பதினொன்றரைக்கு ரயில். நிரந்தரமாகத் தங்குவதற்கான என் விண்ணப்பம் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. பொலிஸில் பெயர் பதிந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

வருடாவருடம் நவம்பரில் அந்தக் கற்களைத் துலக்கும் கீழ்வீட்டுக்காரர் ஆசுபத்திரியில் இருந்தார். கற்கள் கறுத்துக் கிடந்தன. ரயிலுக்கு நேரமிருந்தது, சும்மா இருக்க எனக்கு வராது. எங்கள் வீடுகளில் பித்தளை விளக்கைப் புளி போட்டுத்தான் துலக்குவோம். அறை வாடகைக்குத் தந்த அக்காவின் அடுப்படியிலிருந்து புளியை எடுத்துக் கரைத்து, உப்புச் சேர்த்து, நான்கு கற்களிலும் தடிப்பாக அப்பினேன். ஊறட்டும் என்று விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க மேலே போனேன்.

வாளியோடு இறங்கி வந்தபோது, எதிர்வீட்டு மூதாட்டி கையில் போனுடன் கற்களைப் பார்த்தபடி நின்றார். அவர் எதைப் பார்க்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறந்த யூதர்களின் பெயர்களின் மேல் யாரோ மலத்தைப் பூசியது போல இருந்தது.

"நீயா செய்தாய்?"

"சுத்தம் செய்கிறேன்" என்றேன். அதற்கு மேல் விளக்க என் ஜெர்மன் போதாது.

"அதைப் பொலிஸிடம் சொல்."

பை வாசலிலேயே இருந்தது. ரயில் நிலையம் பத்து நிமிட நடை. வாளியை வைத்துவிட்டுப் பையைத் தூக்கினேன். அக்கா படியிறங்கி வந்தார்.

"தம்பி, மீன் குழம்புக்கு வச்ச புளியைக் காணேல்லை எண்டு தேடுறன். றோட்டுக்கோ சமைக்கிறீங்கள்?"

"அக்கா, பொலிஸ் வருதாம். நான் போறன்."

"போங்கோ. இது இப்பிடியே கிடக்கட்டும். பூசினவன் ஓடிட்டான் எண்டு சொல்லுவினம்."

பையை இறக்கினேன். முழங்காலிட்டு, பிள்ளையின் கல்லை முதலில் தேய்த்தேன். வாளியைச் சரித்ததில் தண்ணீர் காற்சட்டையெல்லாம் சிந்தியது. மண்ணிறம் கரைந்து போக, எழுத்துகள் மஞ்சளாகத் தெளிந்தன. மூன்றாவதாக ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பொலிஸ்காரர் வந்து அடையாள அட்டையை வாங்கினார்.

"இங்கேயா வசிக்கிறீர்கள்?"

பக்கத்தில் பை நின்றது.

"ஆம், மேல்மாடியில்."

மூதாட்டி மெல்லக் குனிந்து, இன்னும் கழுவாத கல்லிலிருந்த புளியை விரலில் தொட்டு மோந்தார். கழுவிய கற்களைப் பார்த்தார். "துலக்கத்தான் செய்கிறார்" என்றார் பொலிஸ்காரரிடம். அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது. அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

அப்போது பதினொன்றரை தாண்டியிருந்தது. எழுந்தேன். மூதாட்டி கைத்தடியால் மிச்சமிருந்த கல்லைக் காட்டினார்.

"அது இன்னும் முடியவில்லை."

மறுபடி முழங்காலில் இருந்தேன்.