தளவாய் வீட்டில் இருக்கிறாரா?

நாகலக்ஷ்மிக்கு எதையும் ஒரு தடவை கேட்டால் நம்பிக்கை வராது. பால்காரன் அளந்து ஊற்றிய பாலை உள்ளே கொண்டுபோய் மறுபடி அளப்பாள். புருஷன் ராஜாமணி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததிலிருந்து கடிதமே இல்லை. அதற்குப் பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. அவர் செத்துப்போயிருப்பார் என்றவர்களையும் அவள் நம்பவில்லை; வந்துவிடுவார் என்றவர்களையும் நம்பவில்லை.

மாட்டுங்காவில் தைலமும் லேகியமும் தபாலில் விற்றுவந்த வேங்கடசுப்ரமணியன் அவளுக்கு விலாசம் எழுதும் வேலை கொடுத்திருந்தார். 1945 தீபாவளிக்கு முன்னால், வழக்கம்போல வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் விலைப் புத்தகம் அனுப்ப வேண்டும். ஆனால் யுத்தம் முடிந்தும் காகிதக் கட்டுப்பாடு தீரவில்லை. அச்சடிக்கக் கிடைத்தது பாதிதான்.

"ஊரை விட்டுப் போனவா, செத்துப்போனவா பேரையெல்லாம் அடிச்சுடணும்" என்றார் அவர். "தாராவிப் பக்கம் நீயே நேரே போய்ப் பாத்துட்டு வந்துடும்மா. அங்கேர்ந்துதான் ஏகப்பட்டது திரும்பி வரது."

தாராவியில் தோல் பதனிடும் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் அவள் நுழைவதற்குள் சேதி முந்திக்கொண்டு போய்விட்டது. கேட்ட வீட்டிலெல்லாம் ஒரே பதில். இருக்காரு, வேலைக்குப் போயிருக்காரு. கடைசி வீட்டில் முருகம்மாள் என்பவள் வாசலை அடைத்தாற்போல நின்றாள்.

"தளவாய் இருக்காரா?"

"எங்கொழுந்தன்தான். ஷிப்டுக்குப் போயிருக்கான்."

"எப்போ வருவார்?"

"பொழுதடைஞ்சுதான் வருவான். உங்களுக்கு என்னத்துக்கு?"

உள்ளே ஆணியில் ஓர் ஆம்பளைச் சட்டை தொங்கியது. மடிப்பெல்லாம் தூசி. நாகலக்ஷ்மி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை முருகம்மாளும் பார்த்தாள். வாயால் சொன்னதைத்தானே எழுத முடியும் என்று எல்லாப் பெயருக்கும் நேரே 'இருக்கிறார்' என்று குறித்துக்கொண்டு திரும்பினாள்.

வேங்கடசுப்ரமணியன் பரீட்சைக்காக அந்தச் சந்துக்கு மட்டும் தபால் கார்டு போட்டார். பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. தளவாய்க்குப் போட்டதில் 'ஆள் இல்லை' என்று தபால்காரர் எழுதியிருந்தார்.

"ஏம்மா, நீ நெஜமாவே வீடு வீடாப் போனயா?" என்று கேட்டார் அவர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை முதல் தடவையாக ஒருத்தர் சந்தேகப்படுகிறார்.

"போனேன் மாமா. பொய் சொல்லியிருக்கா."

"ஒரு சந்து முழுக்கவா?"

மறுநாள் திரும்பி வந்த கார்டை முருகம்மாளிடம் நீட்டினாள். முருகம்மாள் அதை வாங்கவில்லை.

"நீங்க ரேஷன் ஆபீஸு ஆளுதான. பேரை வெட்டத்தான வந்திருக்கிய?"

நாகலக்ஷ்மிக்கு அப்போதுதான் விளங்கிற்று. உயிரோடோ ஊரிலோ இல்லாத ஆளுக்கும் ரேஷன் கார்டில் அரிசி வாங்குகிறார்கள். பெயரை விசாரிக்க வருகிற யாரும் அவர்களுக்கு இன்ஸ்பெக்டர்தான்.

"நான் தைலக் கம்பெனி. ரேஷனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லே."

"அப்படித்தான் எல்லாவனும் சொல்லுதான்."

வேறு வழி தெரியாமல், யாரிடமும் சொல்லாத ஒன்றை நாகலக்ஷ்மி சொன்னாள். ரேஷன் வந்தபோது, அதற்கு முன்னாலேயே காணாமல் போயிருந்த புருஷன் பெயரையும் அவள் கார்டில் எழுதச் சொல்லியிருந்தாள். ஊருக்குப் போயிருக்கார் என்று இன்றுவரை சொல்லிவருகிறாள். அவர் பங்கு அரிசியையும் வாங்குகிறாள்.

"வாயைக் கிண்டுததுக்கு இப்படி ஒரு கதையா?" என்றாள் முருகம்மாள்.

நாகலக்ஷ்மி மாட்டுங்காவில் தன் வீட்டுக்கு நடந்துபோய் ரேஷன் கார்டை எடுத்து வந்தாள். முருகம்மாளுக்குப் படிக்க வராது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் கணேசபாண்டியனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மெல்லப் படித்துவிட்டு, "ராஜாமணின்னு ஆம்பளைப் பேரு இருக்கு" என்றார். வாசலில் கூடியவர்களிடம் கார்டு கை மாறிக் கை மாறிப் போனபோது நாகலக்ஷ்மி அதன் மேலேயே கண்ணை வைத்திருந்தாள். இவர்களில் யார் வேண்டுமானாலும் ஆபீஸில் போய்ச் சொல்லிவிடலாம்.

முருகம்மாள் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். "உக்காருங்க" என்றாள்.

பிறகு சொன்னாள். "போன வருசம் ஹார்பர்ல கப்பல் வெடிச்சுதுல்லா, அன்னைக்குத் தளவாய் சரக்கு ஏத்தப் போனான். ஒடம்புகூடக் கெடைக்கல. ரெண்டு வீடு தள்ளி இருந்த அய்யா மெட்ராசு போயிட்டாரு. எதுத்த வீட்டுக்காரரு செத்துட்டாரு." ஒவ்வொரு வாசலாகச் சொல்லச் சொல்ல நாகலக்ஷ்மி அடித்துக்கொண்டே வந்தாள். தளவாய் பெயரை அடிக்கும்போது மட்டும் முருகம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

விலைப் புத்தகங்கள் போயின. அந்தச் சந்திலிருந்து எதுவும் திரும்பவில்லை. வேங்கடசுப்ரமணியன் பாராட்டவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அடுத்து மாஹிம் பக்கத்து விலாசங்களைக் கொடுத்தார்.

கார்த்திகையில் ரேஷன் இன்ஸ்பெக்டர் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். ராஜாமணி எங்கே என்றார். ஊரில் என்றாள். எந்த ஊர், எப்போது போனார் என்று கேட்டதும் தடுமாறினாள். பெயரை வெட்டி, எச்சரித்துவிட்டுப் போனார். அரிசி குறைந்ததைவிட, அந்தப் பெயர் மேல் விழுந்த மைக்கோடுதான் அவளைப் படுக்கவைத்தது. எழுந்ததும் நேரே தாராவிக்குப் போனாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் முருகம்மாள் ஆரம்பித்தாள். "எங்க சந்துக்கும் வந்தான். தளவாய் பேரை வெட்டிட்டுப் போயிட்டான். நீங்க சொன்னியளா?"

"நான் சொல்லலே. நீங்க?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்?"

இன்ஸ்பெக்டர்கள் அந்த மாதம் பல தெருக்களில் சோதனை போட்டார்கள் என்று நாகலக்ஷ்மி பின்னால் கேள்விப்பட்டாள். அதையும் முழுக்க நம்பவில்லை.

ராஜாமணி வரவில்லை. அவள் அந்தக் கம்பெனியிலேயே தொடர்ந்து வேலை பார்த்தாள். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன் அந்தச் சந்துக்குப் போவாள். முருகம்மாள் டீ கொடுத்து, யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுவாள். ரேஷனைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.