உப்புப் பார்க்கும் சித்தி பரீதா

பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடந்தபடி சித்தி பரீதா வண்டியைத் தாங்கும் சேஸிச் சட்ட இரும்பில் சுட்டுவிரலை ஓர் இழுப்பு இழுத்து, அந்த விரலை நாக்கில் வைத்தார். சப்புக்கொட்டினார். பிறகு முதுகுக்கு அடியில் விரித்திருந்த காட்போட் மட்டையோடு வழுக்கி வெளியே வந்தார்.

"உப்பு."

வண்டியை வாடகைக்குக் கொண்டுபோய் அப்போதுதான் திருப்பி நிறுத்தியிருந்த சாம்பல்தீவு டிலக்ஷன், "றோட்டில நிண்ட வெள்ளம் அக்கா" என்று சொல்லிப் பார்த்தான்.

"றோட்டு வெள்ளம் எந்தக் காலத்தில தம்பி கரிச்சது? வள்ளத்த இழுக்கக் கடலுக்க இறக்கினீங்களா, இல்லையா?"

"பின் சில்லு மட்டும் கொஞ்சம்..."

"அப்ப முன் சில்லு ரெண்டும் கரையில நிண்டு துஆக் கேட்டுதாக்கும்!"

கிண்ணியாவில், கடலோடு சேரும் களப்பைப் பார்த்து ஓடும் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. வாசலில் நிற்கும் வெள்ளைப் பிக்கப்புக்கு அவருடைய மூத்த மகளின் வயது. கணவர் முனீப் முதுகெலும்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கதிரையும் ஆளுமாகிவிட்டார். வண்டி ஓட்ட ஏலாது. நாற்பத்தாறு வயதில் பரீதா லைசன்ஸ் எடுத்தார். தெரிந்தவர்களுக்கு வண்டியை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார். வலை, ஐஸ், மீன், நெல்மூட்டை, சில நாள் கலியாணக் கதிரைகள் என்று அது எதைச் சுமந்தாலும், சுமந்தது அந்த வீட்டைத்தான். வாகன இறக்குமதி நின்றுபோன வருடங்களில் பழைய வண்டிகள் விற்ற விலையைக் கேட்டபோதே அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது: இது போனால் இந்த ஆயுசில் இன்னொன்று இல்லை. தம்பலகாமத்து விவசாயி யானைக்குப் பயப்படுவதுபோல் பரீதா இரும்பைத் தின்னும் கறளுக்குப் பயந்தார்.

அதனால்தான் அந்தக் குளிப்பாட்டல். வண்டி எங்கே போய் வந்தாலும், ஆள் தலை மறைந்ததும், பொத்தல் பொத்தலாகத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று அதன் அடியில் நுழையும். தண்ணீர் மோட்டர் அரை மணித்தியாலம் உறுமும். கீழிருந்து மேலாகத் தண்ணீர் பீச்சும். காய்ந்த பிறகு, கராஜில் வாங்கிவந்த கழிவு ஒயிலைத் தூரிகையால் அப்புவார். முகத்திலும் அபாயாவிலும் கரும்புள்ளிகள். "சத்திரசிகிச்சை செஞ்சு வந்த என்னையே நீ இப்படிக் குளிப்பாட்டினதில்ல" என்பார் முனீப். "நீங்க கறள் பிடிக்கமாட்டீங்க மச்சான்" என்பார் பரீதா, திரும்பிப் பாராமலே.

இவ்வளவு செய்தும், யார் கொண்டுவந்து விட்டாலும், விரலில் உப்புக் கரித்தது. அதுதான் அவரை எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோனது. "இந்த ஊர்ல ஒரு மனிசனும் சொல்லுக் கேக்கிறானில்ல" என்று வேலிக்கு அப்பாலுள்ளவர்களுக்கும் கேட்கச் சொல்லுவார். பிடிபட்டவர்கள் தலையைச் சொறிவார்கள், சிரிப்பார்கள், அடுத்த முறை கவனமாக இருப்பதாகச் சொல்லிப் போவார்கள். முத்தலிப் மட்டும் அப்படிச் செய்யவில்லை.

முத்தலிப் மீன் வியாபாரி. ஆறு வருடமாகக் கிழமையில் மூன்று நாள் பிக்கப்பை எடுத்து, ஐஸ் போட்ட மீனைக் கந்தளாய்க்குக் கொண்டுபோய் விற்றுவருபவர். பரீதாவை ராத்தா என்று கூப்பிடுவார், சொந்த மூத்த சகோதரியைப்போல. ஒருநாள் அவர் கொண்டுவந்து விட்ட வண்டியிலும் விரல் கரித்தது.

"வல்லாஹி, நான் கடலுக்க இறக்கல்ல ராத்தா."

"அப்ப கடல் எழும்பி வந்து அடியில படுத்ததா?"

"தண்ணிப்பக்கமே கொண்டுபோகல்ல. அல்லாஹ் மேல ஆணை."

மற்றவர்கள் மழுப்பியதைப் பரீதா பொறுத்துக்கொண்டிருந்தார். அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுத்துப் பொய் சொன்னதாக நினைத்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கையை நீட்டி வண்டித் திறப்பை வாங்கிக்கொண்டார். "இனி நீங்க வேற வண்டி பாருங்க தம்பி." முத்தலிப் தன் காலி மீன்பெட்டியை இறக்கித் தூக்கிக்கொண்டு நடந்து போனார்.

எட்டு மாதம் கழித்து, உப்புவெளியில் உள்ள நிக்கலஸின் கராஜுக்குப் பரீதா வண்டியை ஓட்டிப்போனார். வளைவுகளில் பின்பக்கம் ஒரு மாதிரி நெளிவதாகப் பட்டது. நிக்கலஸ் அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். குழிக்குள் இறங்கிச் சேஸியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப் என்றது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அது ஈரமான பாண் ரொட்டிக்குள் போவதுபோல் உள்ளே போய்விட்டது.

பரீதா குழியின் விளிம்பில் குந்தினார். வந்த கோபத்தில் ஊரிலுள்ள அத்தனை பேரையும் பெயர் சொல்லித் திட்டினார். "கடலுக்க இறக்கிறானுகள் அண்ணன்! எத்தினை தரம் சொன்னனான்!"

"கடலுக்க இறக்கின வண்டியெண்டா பின்பக்கம்தான் முதல்ல போகும் தங்கச்சி. இது முன்னுக்கிருந்து பின்னுக்கு வரைக்கும் ஒரே மாதிரித் தின்னிருக்கு. அதுவும் உள்ளுக்கிருந்து. நீங்க பூசின ஒயிலும் மண்ணும் சேர்ந்து, தண்ணி வடியிற ஓட்டையெல்லாத்தையும் அடைச்சுப்போட்டுது. என்னத்தால கழுவுறனீங்க?"

"கிணத்துத் தண்ணியால. ஒவ்வொரு முறையும், அரை மணித்தியாலம்."

"கழுவினாப்பிறகு நக்கிப் பாத்தனீங்களா?"

"கழுவினத ஏன் நக்கோணும்?"

நிக்கலஸ் குழியிலிருந்து ஏறி வந்து கையைத் துடைத்தார். "அந்தத் தண்ணியில தேத்தண்ணி போடுவீங்களோ?"

"அது எப்பிடி ஏலும்? கரிக்கிற சவர்த் தண்ணியெல்லோ. களப்புப் பக்கக் கிணறு. சவுக்காரம் போட்டாக்கூட நுரைக்காது, குடிக்கவும் சமைக்கவும் நாங்க பைப் தண்ணிதான்..."

பரீதா தன் சுட்டுவிரலைப் பார்த்தார். நிக்கலஸ் வெல்டிங் பிளான்டின் வயரை இழுக்கப் போனார்.

நாலு நாள் வண்டி கராஜில் நின்றது. உளுத்த துண்டை வெட்டியெடுத்துப் புது இரும்புத் தகடு வைத்து ஒட்டினார்கள். அடைபட்ட ஓட்டைகளைக் குத்தித் திறந்தார்கள். உள்ளே நன்றாக உலர்ந்த பிறகுதான் கறள் தடுக்கும் மெழுகு மருந்து அடித்தார்கள். "இனிப் பைப் தண்ணி, அதுவும் அளவா. இரும்பு குளிக்கிறதவிடக் காயிறதுதான் முக்கியம்" என்றார் நிக்கலஸ்.

வீட்டுக்கு வந்ததும் பரீதா துளைக்குழாயை இழுத்தெடுத்து நாலாக முறித்து எறிந்தார். கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முனீப், "அந்தத் தண்ணியில என்ட சாரன் வெளுக்கிறதில்லயெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார்.

"சாரனைச் சொன்னீங்க. வண்டியச் சொன்னீங்களா? நாள் முழுக்க இதுக்குள்ளதானே இருக்கிறீங்க, வாயத் துறந்து ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?"

முனீப் வாயைத் திறந்தார். நல்லவேளையாக மூடிக்கொண்டார். அன்று பரீதா கிணற்றையும் ஏசினார், மோட்டரையும் ஏசினார், சோறு குழைந்துபோனதற்கு அரிசியையும் ஏசினார். முத்தலிப்பின் பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை. அந்தப் பெயர் வருகிற இடத்தில் கோபம் கால் தடுக்கி நின்றது.

மறுநாள் காலை, பிக்கப்பை எடுத்துக்கொண்டு கடற்கரையில் முத்தலிப்பின் மீன்வாடிக் கொட்டிலுக்குப் போனார். முத்தலிப் ஒரு முச்சக்கர வண்டியின் பின் சீற்றில் மீன்பெட்டியொன்றை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பக்கக் கம்பியில் இடித்து இடித்து வெளியே வந்தது. பரீதாவைக் கண்டதும் பெட்டியை மணலில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது கடற்கரை ராத்தா. உங்கட வண்டிக்குக் கூடாது."

பரீதா இறங்கி வந்தார். வழியெல்லாம் நல்ல சொற்களாகப் பொறுக்கி வைத்திருந்தார். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கடல் இல்ல தம்பி. என்ட கிணறு."

முத்தலிப் ஓரடி கிட்ட வந்தார். "கிணறா?"

"சவர்த் தண்ணி. நானேதான் கழுவிக் கழுவி உப்பேத்தியிருக்கிறன். கராஜ்ல சொல்லித்தான் தெரியும்."

அவர் பரீதாவைப் பார்த்தார், பிக்கப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரீதாவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"எட்டு மாசம் ராத்தா. முச்சக்கரத்தில கந்தளாய் போகேலா. ஐஸ் கரைஞ்சுபோகும். அங்கத்த ஆக்கள் இப்ப வேற ஆளிட்டத்தான் வாங்குறாங்க." மணலில் விழுந்த ஐஸ் துண்டொன்றை எடுத்துப் பெட்டிக்குள் எறிந்தார். "அத விடுங்க. ஆணையிட்டுச் சொன்னன். அதையுமா நம்பல்ல?"

பரீதா குனிந்து, மீன்பெட்டியின் ஒரு பக்கக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். பெட்டி சரிந்தது. கரைந்த ஐஸ் தண்ணீர் ஓரத்தால் வழிந்து அவர் செருப்புக்குள் இறங்கியது.

"வாய் பாத்துக்கொண்டு நிக்காம மற்றப் பக்கத்தைப் பிடிங்க, பிக்கப்பில ஏத்துவம்" என்றார். குரலில் எரிச்சல் மாத்திரம் பழையபடி இருந்தது. முத்தலிப் அசையவில்லை. பரீதாவும் கீழே வைக்கவில்லை. தன் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடியே குனிந்து நின்றார்.