மாடியில் கேட்ட கைதட்டல்

எங்கள் அம்மா பால்காரரிடம்கூடக் கதவிடுக்கு வழியாகத்தான் பேசுவாள். பேசுவாள் என்று சொல்வதே மிகை. பாத்திரத்தை நீட்டுவாள், அவ்வளவுதான். அத்தாவிடமும், அதாவது எங்கள் அப்பாவிடமும், ஏறக்குறைய அப்படியே. புது ஃபிரிஜ் வாங்க அவர் கிளம்பியபோது, "சமையல்கட்டு வாசல்ல நுழையாதுங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். உனக்கென்ன தெரியும் என்று அத்தா வாங்கி வந்தார். நுழையவில்லை. எங்கள் பேட்டையான நீலசந்திராவிலேயே எங்கள் வீட்டு ஃபிரிஜ்தான் டிவிக்குப் பக்கத்தில் நின்று எங்களோடு சேர்ந்து சீரியல் பார்த்தது.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இதற்கெல்லாம் நேரெதிர். நகரப் பேருந்தில் கண்டக்டர். அவள் "ரைட்!" என்று குரல் கொடுத்தால் பஸ்ஸோடு பக்கத்து ஆட்டோவும் கிளம்பும். அவளுக்கு இருந்த ஒரே குறை, டியூட்டிக்கு நடுவில் தொழுவதற்கு இடமில்லை என்பது. ஒருநாள் காக்கிச் சட்டைக்கு மேல் புர்காவை மாட்டிக்கொண்டு நேராகப் பள்ளிவாசலுக்கே போய்விட்டாள். அங்கே நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி, மெத்தைக்கடை வைத்திருந்த பெரிய மனிதர், வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஆம்பளைங்களுக்குத் தெருவுக்குத் தெரு பள்ளி இருக்குது பாய். டியூட்டில இருக்கிற பொம்பளை எங்க தொழுவா? கியர்பாக்ஸ் மேலயா?"

முத்தவல்லி சொன்ன காரணங்களை எழுதினால் தாள் பத்தாது. இவளோ ஸ்டாப்பில் இறங்க மறுக்கிற பயணியைப் போல அசையாமல் நின்றாள். கடைசியில் மாடி அறையைக் கொடுத்தார்கள். அதுவரை அங்கே பிணம் தூக்குகிற மையத்துப் பெட்டியும் கெட்டுப்போன ஃபேன்களும்தான் குடியிருந்தன. "ஒரு மாசம் பாக்கலாம். சத்தம் கித்தம் வந்துச்சு, அன்னிக்கே பூட்டிடுவேன்" என்றார் முத்தவல்லி.

அந்த ஒரு மாதமும் பெரியம்மா எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! வளையல் கூடாது, கொலுசு கூடாது. தும்மல் வந்தால் வீட்டுக்குப் போய்த் தும்ம வேண்டும். வரிசையில் நெருங்கி நிற்பதற்கு, "முந்தே பன்னி, முந்தே பன்னி, சந்து விடாதீங்கம்மா" என்று, பஸ்ஸில் 'முன்னே வாங்க' என்று கன்னடத்தில் கத்துகிற பழக்கதோஷத்தில், ரகசியக் குரலில் விரட்டுவாள். அம்மாவுக்கு இதிலெல்லாம் இஷ்டமே இல்லை. "வீட்ல தொழுறதுதான் நமக்கு மேல்" என்பாள். ஆள் குறைந்தால் முத்தவல்லி அதையே சாக்காக வைத்துக்கொள்வார் என்று பெரியம்மாதான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துவருவாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயது நானும் போவேன்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை. தொழுகை நடத்துகிற இமாம் ஹஜ்ரத்துக்குக் காலையிலிருந்து பல்வலி. கன்னம் பூரியாக உப்பியிருந்தது. நான் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நின்று, தொழுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு, ஓட்டை ஓட்டையான ஜாலி ஜன்னல் வழியாகக் கீழே ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஸருக்கு நாலு ரக்அத்து, அதாவது நின்று குனிந்து எழுகிற சுற்று நாலுதான். நாலாவது முடிந்து ஹஜ்ரத் உட்கார வேண்டும். அவரோ "அல்லாஹு அக்பர்" என்று மறுபடியும் எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்தது, முத்தவல்லி உட்பட. தப்பு என்று சிலருக்காவது தெரிந்திருக்கும். யாராவது சொல்லட்டும் என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள்.

மேலே பெண்கள் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றார்கள். பெரியம்மாவின் கை ஒரு தடவை துடித்தது, அப்புறம் அடங்கிவிட்டது. ஊருக்கே குரல் கொடுக்கிறவள் மூச்சுகூட விடவில்லை.

பட்டென்று ஒரு சத்தம். சிமெண்டுச் சுவரில் மோதிப் பள்ளிவாசல் முழுக்கக் கேட்டது.

கீழே ஹஜ்ரத்தின் முதுகு ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே உட்கார்ந்தார். கூட்டமும் தொப்பென்று உட்கார்ந்தது. மறதிக்கு ஈடாக நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தாவைச் செய்து தொழுகையை முடித்தார்.

ஸலாம் கொடுத்த மறுநிமிஷம் பெரியம்மா என் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், இப்போது நினைத்தாலும் எரிகிறது. "சனியனே, குடியைக் கெடுத்துட்டியே! உன்னை வீட்ல விட்டுட்டு வரச் சொன்னேனா இல்லியா?" நான் அழக்கூட முடியாமல் விழித்தேன். அதற்குள் படிக்கட்டில் முத்தவல்லியின் குரல் ஏறி வந்தது.

"மேல யாரு கைதட்டினது? இதென்ன பள்ளியா, சினிமாக் கொட்டாயா? சாவியைக் கொண்டாங்கப்பா!"

பெரியம்மா திரைக்குப் பின்னாலிருந்து கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "கொழந்தை பாய், தெரியாம தட்டிடுச்சு. நாளையிலேருந்து கூட்டிட்டு வரமாட்டோம்."

"கொழந்தை இல்லீங்க" என்றது ஒரு குரல். யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். அம்மா! "நான்தான் தட்டினேன். ஹஜ்ரத் அஞ்சாவதுக்கு எழுந்துட்டாரு."

"அஞ்சாவதா? நாலாவதுதானே?" முத்தவல்லி கீழே திரும்பி ஆட்களைக் கேட்டார். ஒருவர் நாலு என்றார். இன்னொருவர், முன்னால் நிற்கிறவர் எழுந்தார், நானும் எழுந்தேன் என்றார். ஓர் ஆட்டோக்காரர் தன் நினைப்பெல்லாம் வண்டியின் எஃப்.சி. மேலேயே இருந்தது என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஹஜ்ரத் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். "அந்தம்மா சொல்றதுதான் சரி. இமாம் தப்பு பண்ணா ஆம்பளைங்க சுப்ஹானல்லாஹ்ன்னு சொல்லணும், பொம்பளைங்க கையைத் தட்டணும். மார்க்கத்துல இருக்கிறதுதான். நீங்க இத்தனை பேர் இருந்து ஒருத்தரும் வாயைத் திறக்கல. அவங்க தட்டினாங்க."

முத்தவல்லி தொண்டையைச் செருமினார். "மேல ஃபேன் சரியா சுத்துதாம்மா? வேற ஒண்ணு மாத்திடச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பூட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரியம்மா அம்மாவைத் திட்டிக்கொண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டும் வந்தாள். "ஊமைக்கோட்டான்! எவ்ளோ தைரியம்டி உனக்கு!" அம்மா சிரித்தாள். சாயங்காலம் பெரியம்மா கதையை அத்தாவிடம் அபிநயத்தோடு சொன்னாள். "இவளா தட்டினா? எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அத்தா சேனலை மாற்றினார்.

கொஞ்ச நாளில் பெரியம்மாவுக்கு வேறு ரூட் போட்டுவிட்டார்கள், அவளால் வர முடியவில்லை. இழுத்துப்போக ஆள் இல்லாமலே அம்மா தினமும் அஸருக்குப் போனாள். மழையென்றும் பார்க்கவில்லை, அடுப்பில் உலை கொதிக்கிறதென்றும் பார்க்கவில்லை. அம்மாவுக்குத் திடீரென்று சொர்க்கத்தின் மேல் ஆசை வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். தப்பாக எழுந்த ஓர் ஆண்பிள்ளை, அம்மா சொல்லிக் கேட்டு, திரும்ப உட்கார்ந்தது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது தெரியாது.